மூன்றாவது சாட்சி தங்கபுஷ்பம்

பத்தரை மணிக்கு ஆஜராக வேண்டும் என்று சம்மனில் இருந்தது. நான் ஒன்பதரைக்கே வந்து உட்கார்ந்துவிட்டேன். பயத்தினால் இல்லை, கோர்ட்டு உள்ளே எப்படித்தான் இருக்கும் என்று பார்க்க. வெளியே சொன்னால் சிரிப்பார்கள். நூல்கண்டும் லைனிங் துணியும் வாங்கப் போகிற வழி இதுதான், இந்தத் தாலுகா கோர்ட்டின் மஞ்சள் சுவரை ஒட்டி எத்தனையோ ஆயிரம் தடவை நடந்திருக்கிறேன், நாற்பத்தொன்பது வயதுவரை ஒரு நாளும் உள்ளே எட்டிப் பார்த்ததில்லை. பெரிய பெரிய தூண் இருக்கும், உயரமாக மேடை இருக்கும் என்று நினைத்திருந்தேன். பார்த்தால் பஞ்சாயத்துப் பள்ளிக்கூடம் மாதிரி இருக்கிறது. நீள வராண்டா, சுவரோரம் பெஞ்சு, பெஞ்சுக்கு மேலே சுவரில் தலை உயரத்துக்கு ஒரு எண்ணெய்க் கறை, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை. எத்தனை தலை சாய்ந்து காத்திருந்தால் இப்படி ஒரு கறை விழும்? நானும் சாய்ந்து பார்த்தேன், சுவர் குளிர்ச்சியாக இருந்தது, உடனே நிமிர்ந்துகொண்டேன். அறைக்குள்ளே ஒரு மேசை முழுக்கக் கட்டுக்கட்டாகக் காகிதம், ஒவ்வொரு கட்டையும் துணி நாடாவால் கட்டியிருக்கிறார்கள், பாவாடை நாடாதான் அது, அதே பருத்தி, அதே முக்கால் அங்குலம். இவ்வளவு நாடா எந்தக் கடையில் வாங்குகிறார்கள்? வக்கீல்கள் ஒவ்வொருவராக மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கி, பெட்டியிலிருந்து கறுப்பு அங்கியை உதறி மாட்டிக்கொள்கிறார்கள். பக்கத்தில் பார்த்தால் ஒன்றுகூடக் கறுப்பில்லை. தோளில் வெயில் தின்று பழுப்பாகிவிட்டது, அக்குளில் உப்புப் பூத்திருக்கிறது. ஆனால் அந்த அங்கியின் முதுகில் கழுத்துக்குக் கீழே தைத்தவன் பொடிப்பொடியாக மடிப்பு வைத்து இழுத்திருக்கிறான் பாருங்கள், அது லேசான வேலை இல்லை. ஒரு வக்கீலம்மா திரும்பி நின்றபோது மடிப்பை எண்ணத் தொடங்கினேன். பதினாலுவரை எண்ணினேன், அவர் நகர்ந்துவிட்டார்.

அப்போதுதான் கோர்ட்டு ஏட்டு வந்தார். "ஏம்மா, தங்கபுஷ்பம் நீங்கதானே? பால்பண்ணை ஸ்டாப் ஆக்சிடெண்டு கேஸு?" என்றார். எழுந்து நின்றேன். "உக்காருங்க, உக்காருங்க. ரெண்டு வருசமாச்சு, மறந்திருக்கும். நீங்க சொன்னத ஒருக்கா வாசிச்சிருதேன், கூண்டுல அப்படியே சொல்லிருங்க" என்று ஒரு தாளை எடுத்து, கோயிலில் பெயர் நட்சத்திரம் சொல்கிற வேகத்தில் படித்தார். மேற்படி மினி பஸ்ஸை அதன் ஓட்டுநர் அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து, சைக்கிளில் சென்ற ஆவுடைநயினார் என்பவர் மீது மோதியதை நான் நேரில் கண்டேன். "இதுதானே?" என்றார். தலையை ஆட்டினேனா இல்லையா, தெரியவில்லை, அவர் ஆட்டினதாக எடுத்துக்கொண்டு போய்விட்டார். அஜாக்கிரதை. இந்தச் சொல் என் வாயிலிருந்து வந்திருக்குமா? நான் சொல்வதென்றால் கவனமில்லாம என்று சொல்வேன், பராக்குப் பாத்துக்கிட்டு என்று சொல்வேன். அஜாக்கிரதை என்று என் வாழ்நாளில் யாரையும் சொன்னதில்லை, என்னிடம் தையல் பழக வந்து துணியை வெட்டிக் கெடுத்த பிள்ளைகளைக்கூடச் சொன்னதில்லை. ஆனால் என் பெயருக்குக் கீழே இருக்கிறது. அன்றைக்கு ஸ்டேஷனில் ரைட்டர் கேட்டுக்கொண்டே எழுதினார், கையெழுத்துக்கூடக் கேட்கவில்லை, ஏட்டு வாசிக்கும்வரை அதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. வேகமாத்தானே வந்துச்சு, என்றார். ஆமா, என்றேன். நீங்க ஸ்டாப்புலதான நின்னீங்க. ஆமா. நேர்ல பாத்தீங்கள்லா. ஆமா. பார்த்தேன்தான். பார்த்தேனா? என்ன பார்த்தேன்? முந்தின நாள் மழை பெய்து ரோட்டோரம் எல்லாம் சொதசொதவென்று கிடந்தது. ஸ்டாப்பில் நானும் இன்னொரு பெண்ணும் நின்றோம். அந்தப் பெண் கிளிப்பச்சைச் சேலை கட்டியிருந்தாள், அவள் ஜாக்கெட்டில் தோள் தையலைக் காணோம். தோளில் தையல் இல்லாமல் ஒரு கையை எப்படி உடம்போடு சேர்க்க முடியும்? ஒரே துணியில் வெட்டியிருக்க வேண்டும், அப்படி வெட்டினால் அக்குளில் இழுக்குமே, இழுக்கவில்லையே. அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் கிழக்கே நகர்ந்தாள், நானும் கிழக்கே திரும்பினேன். பஸ் வந்தது மேற்கிலிருந்து. சத்தம் கேட்டது. டமார் என்றெல்லாம் இல்லை, ஈரத்துணியைக் கல்லில் ஒரு தடவை ஓங்கி அடித்த மாதிரி. அதற்குப் பிறகுதான் திரும்பினேன். அந்த ஜாக்கெட்டை இன்றைக்கும் என்னால் வெட்டித் தைத்துக் காட்ட முடியும். பஸ் எவ்வளவு வேகத்தில் வந்தது என்றால்?

"வந்துட்டீங்களா யக்கா" என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள் சங்கரகோமதி. இறந்துபோன ஆவுடைநயினாரின் மகள், ஒரே பிள்ளை. முப்பத்து மூன்று முப்பத்து நாலு இருக்கும். அவர் தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர் என்று அவள் சொல்லித்தான் தெரியும், நான் அவரை உயிரோடு பார்த்தது அந்தச் சில நிமிஷம்தான். தண்ணீர் பாட்டிலைத் திறந்து என்னிடம் நீட்டினாள். "குடிங்க, உள்ள போனா நா வறண்டுரும். போன வாய்தாவுல ரெண்டு பேரு வந்தாங்க. ஒருத்தரு கண்ணாடி போடாம இருந்தேன்னு சொல்லிட்டாரு. இன்னொருத்தரு அன்னைக்கு ஊர்லயே இல்லங்காரு. நீங்க ஒருத்தர்தான் யக்கா பாத்தவங்க." சொல்லிவிடலாமா இவளிடம்? இப்போதே, இந்தப் பெஞ்சிலேயே? அம்மா, நான் வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டு நின்றேன். எதைப் பார்த்தீர்கள் என்று கேட்பாளே. உன் அப்பா சாகிற நேரம் நான் ஒரு ஜாக்கெட்டின் தோளைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று எந்த வாயால் சொல்வது? பேசாமல் ஏட்டு வாசித்ததையே சொல்லிவிட்டால் என்ன? ஒருவேளை அதுதான் உண்மையாகவும் இருக்கலாம். வேகமாகத்தான் வந்திருப்பான், மினி பஸ்காரர்கள் எல்லோரும் அப்படித்தான். எல்லோரும் அப்படித்தான் என்றால் இவனும் அப்படித்தானா? லில்லியும் அப்படித்தான் என்று சொன்னார்கள். எதற்கு இப்போது லில்லி ஞாபகம்? தையல் வகுப்பில் எனக்குப் பக்கத்து மிஷின். வாய்க்கால் பாலத்தில் யாரோ ஒருவனோடு நின்று பேசினாள் என்று பிள்ளைகள் சொன்னார்கள். டீச்சர் என்னைக் கூப்பிட்டு, நீதான் எல்லாத்தையும் பாக்குற ஆளாச்சே, நீயும் பாத்தியா என்று கேட்டார். ஆமா டீச்சர், என்றேன். பார்க்கவில்லை. எல்லாவற்றையும் பார்க்கிற ஆள் என்று சொன்னது பெருமையாக இருந்தது, அதைக் கெடுத்துக்கொள்ள மனமில்லை, அவ்வளவுதான். மறுநாளிலிருந்து லில்லி வரவில்லை. பாதி தைத்த ஒரு பாவாடை அவள் மிஷினில் ஊசிக்கு அடியிலேயே ஒரு வாரம் கிடந்தது, அதையும் நான்தான் எடுத்து மடித்து வைத்தேன். முப்பது வருஷமாயிற்று. அவளுக்கு என்ன ஆயிற்று என்று யாரிடமும் கேட்டதில்லை. ஊரில் மற்ற எல்லாவற்றையும் விசாரிப்பேன்.

எதிர்ப் பெஞ்சில் ஒரு ஆள் உட்கார்ந்திருந்தான். நாற்பது வயது சொல்லலாம். வெள்ளைச் சட்டை, தேய்த்துப் போட்டது. கழுத்துப் பட்டையைப் பார்த்தேன், அதைத் திருப்பித் தைத்திருந்தது. நைந்துபோன பக்கத்தைப் பிரித்து உள்ளே தள்ளி, நல்ல பக்கத்தை வெளியே கொண்டுவந்து தைப்பது, இப்போது யாரும் செய்கிறதில்லை, புதுச் சட்டை வாங்கிவிடுகிறார்கள். தையல் நேராக இல்லை, கையால் தைத்தது, பொறுமையாக ஒவ்வொரு ஊசிக்குத்தாக. பெண்சாதியாக இருக்கும். இன்றைக்குப் போட்டுப் போகவேண்டும் என்று முந்தாநாள் உட்கார்ந்து தைத்திருப்பாள். இவனுக்கு என்ன வழக்கோ? வாரிசுச் சான்றிதழா, அடிதடியா? அடிதடி முகமாக இல்லை. கையை இரண்டு தொடைக்கும் நடுவில் வைத்துக்கொண்டு தரையில் ஓடுகிற எறும்பைப் பார்க்கிறான், எறும்பு எங்கே போகிறதோ அங்கே அவன் கண்ணும் போகிறது. நானும் பார்த்தேன், எறும்பு ஒரு முறுக்குத் துண்டை இழுத்துக்கொண்டு போனது, நிலைப்படியில் ஏறமுடியாமல் திரும்பிற்று. அவன் காலை நகர்த்தி வழி விட்டான். சங்கரகோமதி என் காதருகே, "அங்க பாக்காதீங்க யக்கா. அதான் அந்த டிரைவரு, சுடலைமணி. ரெண்டு வருசமா எல்லா வாய்தாவுக்கும் இதே எடத்துலதான் உக்காருதான், நானும் இதே எடத்துலதான் உக்காருதேன், ஒரு நாளும் நிமிந்து அவன் மூஞ்சியப் பாத்ததில்ல" என்றாள். அந்த முகத்தைத் தெரியாமல் போயிற்றே. அன்றைக்குப் பார்த்தேனே, மண்ணில் முட்டிபோட்டு உட்கார்ந்திருந்த முகம். அது வேறு முகம், கண்ணெல்லாம் வெளியே வந்து. இவன் உள்ளே போனால் எத்தனை நாள் போவான்? மாதமா, வருஷமா? என் ஆமாவுக்கு எத்தனை மாதம்? நான் மாற்றிச் சொன்னால் என்னை உள்ளே போட்டுவிடுவார்களா? பொய்ச் சாட்சி என்று ஒரு வழக்கு உண்டாமே. எது பொய், அன்றைக்குச் சொன்னதா, இன்றைக்குச் சொல்லப்போவதா, இரண்டையும் தராசில் வைத்து யார் பார்ப்பது? தைத்துக்கொடுக்க வேண்டிய சட்டைகள் எட்டு இருக்கின்றன, பட்டன் காஜா எடுக்க வேண்டும், ஒருநாள் உள்ளே இருந்தால்கூட. என்ன யோசனை இது, காஜாவைப் பற்றி.

"தங்கபுஷ்பம்! தங்கபுஷ்பம்! தங்கபுஷ்பம்!" வெள்ளை உடுப்பும் சிவப்புப் பட்டையும் போட்ட ஆள் வாசலில் நின்று மூன்று தடவை கத்தினார், நான் இரண்டடி தூரத்தில்தான் இருக்கிறேன். என் பெயரை இப்படி முழுதாக யாரும் கூப்பிட்டதில்லை, கேட்க வேறு யாரோ மாதிரி இருந்தது. உள்ளே போய் முதலில் கண்ணில் பட்ட கூண்டில் ஏறப்போனேன், "ஏம்மா ஏம்மா, அது குற்றவாளிக் கூண்டு, இந்தப் பக்கம்" என்று யாரோ கையைப் பிடித்துத் திருப்பினார்கள். அந்தக் கூண்டில் சுடலைமணி வந்து நின்றான். என் கூண்டின் மரக் கைப்பிடி வழுவழுவென்று இருந்தது, எத்தனை பேர் பிடித்தார்களோ. நீதிபதி ஒரு அம்மா, என்னைவிடப் பத்து வயதாவது சின்னவர், மூக்குத்தி போட்டிருந்தார். சொல்வதெல்லாம் உண்மை என்று சொல்லச் சொன்னார்கள், சொன்னேன். அரசு வக்கீல் ஊர், பெயர், தொழில் எல்லாம் கேட்டுவிட்டு, "அந்த மினி பஸ் எப்படி வந்துச்சு?" என்றார். வேகமா, என்று நாக்கு நுனிவரை வந்தது. எத்தனை சுலபமான சொல். "எப்படி வந்துச்சுன்னு எனக்குத் தெரியாதுய்யா. நான் பாக்கல. சத்தம் கேட்டுத்தான் திரும்புனேன்." டைப் அடிக்கிற சத்தம் நின்றது. வக்கீல் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "போலீஸ் விசாரணையில பாத்தேன்னு சொல்லியிருக்கீங்களே?" "அவங்க கேட்டாங்க, ஆமான்னேன். பாக்காததுக்கு ஆமான்னது எந் தப்பு." "அப்ப ஸ்டாப்புல நின்னுக்கிட்டு எதைத்தான் பாத்தீங்க?" "ஒரு பொண்ணோட ஜாக்கெட்டய்யா. அதுல தோள் தையல் இல்ல." பின்னால் கொல்லென்று சிரித்தார்கள். நீதிபதி அம்மா நிமிர்ந்து பார்த்ததும் சிரிப்பு அடங்கிற்று. வக்கீல் ஏதோ சட்டத்தில் சொல்லிவிட்டு, நான் பிறழ் சாட்சி என்றார். பிறழ் சாட்சி. தையல் பிறழும், கண் பிறழும், இப்போது நானும். எதிரிக்கு ஆதரவாகப் பொய் சொல்கிறேனா என்று கேட்டார், இல்லை என்றேன். டிரைவரின் வக்கீல் பாதி எழுந்து சிரித்துக்கொண்டே, "கேள்வி இல்லை" என்று உட்கார்ந்தார். திரும்பிப் பார்க்காமலே சங்கரகோமதியின் கண் என் பிடரியில் இருப்பது தெரிந்தது, இஸ்திரிப் பெட்டியைப் பக்கத்தில் கொண்டுவந்தால் தெரியுமே, அதுபோல.

இறங்கலாமா என்று பார்த்தேன். நீதிபதி அம்மா பேனாவை வைத்துவிட்டு, "இருங்க. சத்தம் கேட்டுத் திரும்புனீங்க, சரி. திரும்புனதும் என்ன பாத்தீங்க?" என்றார். இதை யாரும் என்னிடம் கேட்டதே இல்லை. ரைட்டர் கேட்கவில்லை, ஏட்டு கேட்கவில்லை, சங்கரகோமதிகூடக் கேட்கவில்லை, மோதினதைப் பார்த்தீர்களா என்றுதான் எல்லோரும். கண்ணை மூடினேன், மூடினால்தான் தெரிந்தது. "பஸ்ஸு நின்னுக்கிட்டிருந்துச்சும்மா. அதோட இடது பக்கத்துச் சக்கரம் ரெண்டும் தாரை விட்டு எறங்கி மண்ணுல இருந்துச்சு, ஒரு சாண் பதிஞ்சிருந்துச்சு. பெரியவரோட சைக்கிளு அதுக்கும் உள்ள, புங்கமரத்துக்கிட்ட கெடந்துச்சு. தார் ஓரத்துலருந்து ரெண்டரை மீட்டர் இருக்கும்." "எப்படி அவ்வளவு சரியாச் சொல்றீங்க?" "முப்பது வருசமாத் துணி அளக்கேன்மா, கண்ணு பட்டதும் அளந்துரும்." இப்போது டிரைவரின் வக்கீல் சிரிக்கவில்லை. எழுந்து, மோதின வேகத்தில் சைக்கிள் மரத்தடிக்குத் தூக்கியெறியப்பட்டிருக்கலாம் இல்லையா என்று கேட்டார். "இருக்கலாம்யா. அது எனக்குத் தெரியாது. ஆனா சைக்கிள் வந்த தடம் ஈர மண்ணுல இருந்துச்சு. பஸ் நின்ன எடத்துக்குப் பின்னாலயும் ரொம்ப தூரத்துக்கு இருந்துச்சு, தாரை ஒட்டியே இல்ல, நல்லா ஒதுங்கி, மிஷின்ல தச்ச மாதிரி நேரா. அவரு ரோட்டுல வரல. மண்ணுலதான் வந்துக்கிட்டிருந்தாரு." டைப் சத்தம் சடசடவென்று ஓடியது. "வேற?" என்றார் அந்த அம்மா. எனக்கு அந்தக் கூண்டைப் பார்க்கத் தோன்றிற்று, பார்த்தேன். "இந்த டிரைவருதான் மொதல்ல குதிச்சு ஓடியாந்தாரு. பயந்து ஓடல. தோள்ல கெடந்த துண்டச் சுருட்டிப் பெரியவரு தலைக்கு வச்சாரு. பெரியவருக்கு வாய் அசைஞ்சுச்சு, இவரு குனிஞ்சு காதக் குடுத்தாரு. எந்திரிக்கவே இல்ல, ஆம்புலன்ஸ் வர்றவரைக்கும் மண்ணுலயே உக்காந்திருந்தாரு." ஒன்று அவனுக்கு எதிராக, ஒன்று அவனுக்காக, இரண்டும் அடுத்தடுத்து அந்தத் தாளில் ஏறின. வாசித்துக் காட்டினார்கள். சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்தேன் என்று இருந்தது. அஜாக்கிரதை எங்கேயும் இல்லை. கையெழுத்துப் போட்டேன், ஒவ்வொரு பக்கத்திலும்.

வராண்டாவுக்கு வந்தபோது வெயில் பெஞ்சுவரை வந்துவிட்டது. வழக்கை அடுத்த மாதத்துக்குப் போட்டிருக்கிறார்கள் என்று ஏட்டு முறைத்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார். சங்கரகோமதி சுவரில் தலை சாய்த்து உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்தில் உட்காரலாமா கூடாதா என்று நின்றேன். திட்டட்டும், என் மூஞ்சியில் முழிக்காதே என்று சொல்லட்டும், கேட்டுக்கொள்ளலாம். அவள் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்து மூடினாள். பிறகு, "அந்த எடத்துலயே உசுரு போயிட்டுன்னுதான் எழுதியிருக்காங்க. எங்கிட்டயும் அப்படித்தான் சொன்னாங்க. நீங்க வாய் அசைஞ்சுச்சுங்கீங்க" என்றாள். "அசைஞ்சுச்சும்மா. ரெண்டு மூணு நிமிசம் இருந்தாரு." "என்ன சொன்னாரு?" இத்தனை வருஷத்தில் யாரும் என்னிடம் இப்படி ஒரு முகத்தோடு எதையும் கேட்டதில்லை. ஏதாவது சொல்லிவிடலாம், உன் பேரைச் சொன்னார் என்று சொன்னால் குளிர்ந்துபோவாள். "எனக்குக் கேக்கலம்மா. நான் அப்ப ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்னேன், ஆம்புலன்ஸ் வந்த பெறவுதான் கிட்டப் போனேன். காதக் குடுத்துக் கேட்டது அவருதான்" என்று எதிர்ப் பெஞ்சைக் காட்டினேன். அவள் நிமிர்ந்தாள். சேலையைச் சரிசெய்துகொண்டாள். வராண்டாவின் அகலம் என்ன, ஏழடி இருக்குமா, அதைக் கடக்க அவளுக்கு அவ்வளவு நேரம் பிடித்தது. சுடலைமணி அவள் வருவதைப் பார்த்து எழுந்தான், தூரத்திலிருந்து அவன் வக்கீல் பேசாதே பேசாதே என்று கையை ஆட்டினார். அவன் அந்தப் பக்கம் திரும்பவில்லை. அவள் ஏதோ கேட்டாள். அவன் வாய் இரண்டு தடவை திறந்து மூடிற்று, அப்புறம் சொன்னான், சொல்லும்போது இடது கையைத் திருப்பி மணிக்கட்டைத் தொட்டுக் காட்டினான். எனக்கு எழுந்து போய்ப் பக்கத்தில் நின்று கேட்க வேண்டும்போல உடம்பெல்லாம் பறந்தது, பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். அவள் திரும்பி வந்து உட்கார்ந்தபோது அழவில்லை, வியந்துபோன மாதிரி இருந்தாள். "மணி என்னன்னு கேட்டாராம் யக்கா." "உங்க அப்பாவா?" "ஆமா. நாலே கால்னு இவரு சொன்னாராம். நாலரைக்கு எம் மகளுக்குப் பள்ளிக்கூடம் விடும், தெனமும் அப்பாதான் போய்க் கூட்டிட்டு வருவாங்க. இவரு சொன்னதக் கேட்டுட்டு, 'சரி, நேரமிருக்கு'ன்னாராம்." உள்ளே யாரையோ மூன்று தடவை பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள், யாரோ செருப்பைத் தேடிக்கொண்டு ஓடினார்கள். அவள் கையை எடுத்து என் கையில் வைத்துக்கொண்டேன், ஐஸ் மாதிரி இருந்தது. "நேரமிருக்குன்னாராம்" என்று மறுபடி சொன்னாள், இந்தத் தடவை மெதுவாக, கொஞ்சம் கரகரப்பாக, அவள் அப்பா குரல் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும்.